சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட்: செலவறிந்து சென்ற கப்பல் பயணம்

சனிக்கிழமை, சென்னை

நாளைக் காலை விமானத்தில் சிங்கப்பூர் செல்கிறோம். திங்கட்கிழமை மாலை அங்கிருந்து கப்பல் புறப்படுகிறது. பினாங்கு, புக்கெட் ஆகிய இரண்டு ஊர்களைத் தொட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை காலை அதே சிங்கப்பூரில் எங்களைக் கொண்டுவந்து இறக்கிவிடும். நானும் என் கணவரும், எழுபதைக் கடந்த என் அப்பா அம்மாவும் செல்கிறோம். பெட்டி கட்டும் வேலை முடிந்துவிட்டதால், இதுவரை செய்த ஏற்பாடுகளை முதலில் எழுதிவைக்கிறேன். கப்பல் பயணத்தில் பணம் மிச்சமாவதும் வீணாவதும் பெரும்பாலும் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சொகுசுக் கப்பல் என்பது வசதி படைத்தவர்களுக்கு உரியது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. ஆனால் கட்டணத்தைப் பிரித்துப் பார்த்தால் கணக்கு வேறாகத் தெரிகிறது. தங்கும் அறை, மூன்று வேளை உணவு, இரவு நேரக் கலைநிகழ்ச்சிகள், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் செல்லும் போக்குவரத்து ஆகிய எல்லாம் ஒரே கட்டணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. முதியவர்களை அழைத்துச் செல்பவர்களுக்கு இன்னொரு பெரிய நன்மையும் உண்டு: ஒருமுறை பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டால், இறங்கும் நாள்வரை மறுபடி கட்ட வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு மும்பையிலிருந்து கோவா, லட்சத்தீவு, கொச்சி என்று செல்லும் உள்நாட்டுக் கப்பல்கள் இருக்கின்றன. பினாங்கைப் பார்க்க வேண்டும் என்று அப்பா நெடுநாளாகச் சொல்லிவந்ததால் நாங்கள் சிங்கப்பூர் வழியைத் தேர்ந்தெடுத்தோம்.

முதலில் முடிவு செய்தது பருவத்தைத்தான். புக்கெட் தீவின் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அலை பெரிதாக இருக்கும். அந்த மாதங்களில் படகில் கரைக்குச் செல்வது தடைபட வாய்ப்பு உண்டு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும். மலாக்கா நீரிணை ஒருபுறம் சுமத்ராவும் மறுபுறம் மலாய் தீபகற்பமும் அணைத்து நிற்பதால் பொதுவாகவே அமைதியானது. அதற்குள்ளும் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறைகளான மார்ச் மாத நடுவாரம், ஜூன், செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் – டிசம்பர் ஆகியவற்றையும், சீனப் புத்தாண்டையும் விலக்கிப் பார்த்தோம். கப்பல் அறையின் விலை விமான டிக்கெட்டைப் போலத் தேவைக்கேற்ப ஏறி இறங்குவது. வார இறுதியை உள்ளடக்கிய பயணத்தைவிட, திங்கட்கிழமை கிளம்பி வெள்ளிக்கிழமை திரும்பும் பயணம் கண்கூடாகக் குறைந்த விலையில் கிடைத்தது. மார்ச் முதல் வாரம் இப்படித்தான் முடிவானது.

அடுத்தது அறை. சன்னல் இல்லாத உள்ளறை, சன்னல் உள்ள அறை, பால்கனி அறை என்று விலை படிப்படியாக ஏறுகிறது. பகலெல்லாம் மேல்தளத்திலும் கரையிலும் இருக்கப்போகிறவர்களுக்கு உள்ளறையே போதும் என்று நினைத்து, அடுத்தடுத்து இரண்டு உள்ளறைகளை எடுத்தோம். அறை எண்ணைக் கப்பல் நிறுவனமே ஒதுக்கும் முறையில் விலை இன்னும் குறையும். ஆனால் பெற்றோரின் அறை எங்கள் அறையிலிருந்து வெகுதூரம் தள்ளிப் போய்விடக்கூடும் என்பதால் அதைத் தவிர்த்தோம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில், மின்தூக்கிக்கு அருகில் இருக்கும் அறைகளைப் பார்த்து எடுப்பது நல்லது. ஆட்டம் அங்கேதான் குறைவு. நீச்சல்குளத்துக்கு நேர்கீழ் உள்ள அறையை எடுத்தால், விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் ஓசை தலைக்கு மேலே கேட்கும்.

விளம்பரத்தில் தெரியும் விலையோடு எதையெல்லாம் கூட்ட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். துறைமுகக் கட்டணமும் வரியும் சில தளங்களில் கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். அதற்குமேல் பணியாளர்களுக்கான டிப்ஸ். எங்கள் கப்பலில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 அமெரிக்க டாலர். நான்கு பேருக்கு நான்கு இரவுகள் என்றால் 296 டாலர். இது சிறிய தொகையன்று. இதை முன்கூட்டியே கட்டிவிட்டோம். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை இந்திய முகவரிடம் வாங்கினால் டிசிஎஸ் என்ற வரியையும் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும், அன்றைக்குக் கையிலிருந்து போகும் பணம் அதுவும்தான். விமானம், விசா, ஒரு நாள் விடுதி, காப்பீடு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிய பிறகே முன்பதிவு செய்தோம்.

விசாவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து கப்பலேறி மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் சென்று திரும்பும்போது, சிங்கப்பூருக்குள் இரண்டாவது முறையாக நுழைகிறோம். ஆகையால் விசா பலமுறை நுழைவுக்கு உரியதாக இருக்க வேண்டும். நான்கு பேரின் விசாத் தாள்களையும் எடுத்து அந்த ஒரு வரியை விரல் வைத்துப் படித்துச் சரிபார்த்தோம். மலேசியாவும் தாய்லாந்தும் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்துவந்தாலும் விதிகள் அடிக்கடி மாறுவதால், கிளம்பும் வாரத்தில் அரசுத் தளங்களில் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வருகை அட்டைகளை இணையத்தில் நிரப்ப இந்த நாடுகளின் அரசுகள் எதுவும் கட்டணம் கேட்பதில்லை. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அதை மூடிவிடுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும்.

பெட்டியில் இஸ்திரிப்பெட்டி, மின்சாரக் கெட்டில், சிறிய ரைஸ் குக்கர் எதையும் வைக்கவில்லை. தீ விபத்தைத் தடுப்பதற்காகக் கப்பலில் இவற்றுக்கு அனுமதி கிடையாது. வீட்டில் சமைத்த உணவுக்கும் அப்படியே. கடையில் வாங்கிய, பிரிக்காத முறுக்குப் பொட்டலங்களையும், அப்பாவின் மாத்திரைகளையும், மருத்துவரிடம் கேட்டு வாங்கிய, கடல் பயணக் குமட்டலுக்கான அவோமின் மாத்திரையையும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர்

நான்கு மணிநேரப் பறப்பு. இங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணிநேரம் முன்னால் ஓடுகிறது. கப்பல் கிளம்பும் நாளன்றே விமானத்தில் வந்து இறங்குபவர்கள் உண்டு. ஒரு நாள் விடுதி வாடகை மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, கட்டிய பணமும் திரும்பாது. அந்த ஓர் இரவின் வாடகையைப் பயணத்தின் காப்புத்தொகையாகவே நான் கருதுகிறேன். விடுதியை ஃபேரர் பார்க் பகுதியில் எடுத்தோம். மரினா பேயைச் சுற்றியுள்ள விடுதிகளோடு ஒப்பிட்டால் வாடகை மிகவும் குறைவு; சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம். இரவு தேக்கா சென்டரில் தோசையும் ஆப்பமும் கிடைத்தன. சிராங்கூன் சாலையில் தமிழிலேயே கேட்டு வாங்கி, தமிழிலேயே மீதிச் சில்லறை பெற்றோம். அம்மாவின் முகத்தில் வெளிநாடு வந்த தயக்கம் அங்கேயே போய்விட்டது.

முஸ்தபா சென்டர் அருகே உள்ள பணமாற்றுக் கடையில் மலேசியாவின் ரிங்கிட்டும் தாய்லாந்தின் பாத் நாணயமும் கொஞ்சமாக மாற்றிக்கொண்டோம். கப்பலுக்குள் பணத்தாள் செல்லாது. எல்லாச் செலவும் அறைக் கணக்கில் அமெரிக்க டாலரில் ஏறி, கடைசியில் கிரெடிட் கார்டுக்குப் போகும். நம் வங்கிகளின் சாதாரண கிரெடிட் கார்டுகளில் அந்நியச் செலாவணிக்காக மூன்று, மூன்றரை சதவீதம் வரை தனியாகப் பிடிப்பார்கள் என்பதால், அந்தக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்றை என் கணவர் இதற்காகவே வாங்கி வைத்திருந்தார். டெபிட் கார்டையோ ஃபாரெக்ஸ் கார்டையோ கொடுத்தால், செலவு செய்யும் முன்பே ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள்; அந்தப் பணம் விடுபடச் சில நாட்களாகும். அதையே நம்பி ஊர் சுற்ற வந்தவர்களுக்கு அது சங்கடத்தைத் தரும்.

விடுதி வரவேற்பறையில் அச்சிட்டுத் தந்த பெட்டிச் சீட்டுகளை மடித்து, நான்கு பெட்டிகளின் கைப்பிடிகளிலும் பின் அடித்துவிட்டோம். இணையவழிப் பதிவு திறந்த அன்றே செய்துவிட்டதால், நண்பகலுக்கு முன்னதாகவே ஏறும் நேரம் கிடைத்திருக்கிறது.

திங்கட்கிழமை, கப்பலேறும் நாள்

மரினா பே குரூஸ் சென்டர் 2012இல் திறக்கப்பட்ட பெரிய முனையம். மரினா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி நடந்தும் வரலாம். பையோடு வரும் இளைஞர்களுக்கு அதுவே மலிவு. நான்கு பெட்டிகளும் முழங்கால் வலியுள்ள அம்மாவும் இருந்ததால் பெரிய டாக்சி ஒன்றை அமர்த்திக்கொண்டோம். நான்கு பேருக்குப் பகிர்ந்தால் வித்தியாசம் பெரிதாக இல்லை. வாசலிலேயே பெட்டிகளை வாங்கிக்கொண்டார்கள். அவை மாலையில்தான் அறைக்கு வந்து சேரும் என்பதால் பாஸ்போர்ட், மாத்திரை, ஒரு மாற்றுடை, கண்ணாடி ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். முன்பதிவின்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்ததால், நீண்ட வரிசைகளில் அம்மா நிற்க நேரவில்லை. எங்களுக்கு முன்னால் வந்த குடும்பத்தின் பையிலிருந்து ஒரு மின்சாரக் கெட்டிலை எடுத்து, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, இறங்கும்போது பெற்றுக்கொள்ளுங்கள் என்று பணிவாகச் சொன்னார்கள்.

எங்கள் கப்பல் ராயல் கரீபியனின் குவாண்டம் வரிசையைச் சேர்ந்தது; சுமார் 348 மீட்டர் நீளம், நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள். உள்ளறைச் சுவரில் தரைமுதல் கூரைவரை உயர்ந்த ஒரு திரை, வெளியிலுள்ள கேமரா காட்டும் கடலை அந்தந்த நொடியிலேயே காட்டுகிறது. சன்னல் இல்லையே என்று கவலைப்பட்ட அம்மா, அந்தத் திரையின் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஏறியவுடன் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டோம். இத்தாலியக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் 2012 ஜனவரியில் பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்றே ஏறியிருந்த பல பயணிகளுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அந்த விபத்துக்குப் பிறகு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி கொடுக்க வேண்டும் என்று சர்வதேச விதி 2015 முதல் மாற்றப்பட்டது. ஏழு குறுகிய சங்கொலி, அதன்பின் ஒரு நீண்ட சங்கொலி: இது கேட்டால் ஒதுக்கப்பட்ட இடத்துக்குச் செல்ல வேண்டும். அறையிலிருந்து அந்த இடம்வரை அப்பா அம்மாவை ஒருமுறை நடத்திக் கூட்டிச் சென்று காட்டினேன். இதை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது.

மேல்தளத்தில் முதல் நாளன்று குளிர்பானத் தொகுப்பு, மதுத் தொகுப்பு, இணையத் தொகுப்பு, சிறப்பு உணவகத் தொகுப்பு என்று மேசை போட்டு விற்கிறார்கள். எங்களுக்கு இவற்றில் எது தேவை என்பதைச் சென்னையிலேயே பேசி முடித்திருந்ததால் கடந்து செல்வது எளிதாக இருந்தது. தண்ணீர், தேநீர், காபி, காலையில் பழச்சாறு ஆகியவை பஃபேயில் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. தனியாக வாங்கும் பானம் ஒவ்வொன்றின் மேலும் 18 சதவீதச் சேவைக் கட்டணம் ஏறுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இணையமும் வாங்கவில்லை. நிறுவனத்தின் செயலியில் அன்றாட நிகழ்ச்சி நிரலைப் பார்க்கக் கப்பலின் வைஃபை கட்டணமின்றியே உதவுகிறது. கப்பல் நகரத் தொடங்கும் முன் நான்கு கைபேசிகளையும் ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டோம். நடுக்கடலில் கப்பலின் சொந்த அலைபேசிக் கோபுரத்தோடு கைபேசி தானாக இணைந்துகொண்டால், அதற்கு வரும் ரோமிங் கட்டணம் மிக அதிகம்.

இரவு உணவைப் பெரிய உணவுக்கூடத்தில் சாப்பிட்டோம். சைவம் என்று முன்பே பதிந்திருந்தோம். பரிமாறியவர் கோவாவைச் சேர்ந்த இளைஞர். "நாளைக்கு என்ன வேணும்னு இப்பவே சொல்லிடுங்க அங்கிள், கிச்சன்ல சொல்லி வச்சிடறேன்" என்று அவர் இந்தி கலந்த ஆங்கிலத்தில் சொன்னதை என் கணவர் அப்பாவுக்குத் தமிழில் சொன்னார். அப்பா பருப்பும் சப்பாத்தியும் தயிரும் கேட்டிருக்கிறார். பட்டியலில் இல்லாத உணவை முந்தைய இரவே சொல்லிவைத்தால் முடிந்தவரை செய்துதருகிறார்கள். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

செவ்வாய்க்கிழமை, பினாங்கு

பயணத்தின் சிறந்த நாள் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நேராகக் கரையணைந்தது. துறை ஜார்ஜ் டவுனின் நடுவிலேயே இருப்பதால், இறங்கி நடந்தாலே பழைய நகரம் வந்துவிடுகிறது. கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவை இங்கே வாங்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. நான்கு பேருக்கு அதற்குக் கொடுத்திருக்க வேண்டிய தொகையில் ஒரு சிறு பங்கைக்கூட நாங்கள் இன்று செலவழிக்கவில்லை.

வாயிலில் டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களைக் கடந்து வந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை. பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் 1786இல் வந்து இறங்கிய இடம் என்று சொல்லப்படுவது அதுதான். அங்கிருந்து லிட்டில் இந்தியா மிக அருகில். பினாங்கு வீதி, மார்க்கெட் வீதி, குயின் வீதி என்று குறுக்கும் நெடுக்குமாகச் சில தெருக்கள். மல்லிகைப்பூச் சரம், பாத்திரக் கடை, ஒலிபெருக்கியில் பழைய பாடல், வாழை இலைச் சாப்பாடு. அம்மா நடக்கச் சிரமப்பட்ட இடங்களில் கிராப் என்ற செயலி வழியாகக் கார் அழைத்தோம். நகருக்குள் சுற்றிவரும் கேட் என்ற பேருந்தில் கட்டணமே கிடையாது.

குயின் வீதியில் உள்ள மகாமாரியம்மன் கோயில் 1833இல் கட்டப்பட்டது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். உச்சிப்பொழுதில் நடை சாத்தியிருப்பார்கள் என்பதால், முதலில் மசூதிப் பக்கம் போய்விட்டு மாலையில் வந்தோம். கோபுரத்தைப் பார்த்தபடி அப்பா நெடுநேரம் நின்றார். அவருடைய தாய்மாமா ஒருவர் இளவயதில் கப்பலேறி இந்த ஊருக்கு வந்தவர். கடிதங்கள் நின்றுபோன பிறகு அவரைப் பற்றி வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. "இந்தத் தெருவுலதான் எங்கேயோ இருந்திருப்பாரும்மா" என்று மட்டும் சொன்னார். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் தளத்தில் படுத்தபடி வந்தவர்களின் பயணத்தையும், குளிரூட்டிய அறையில் நாங்கள் வந்த பயணத்தையும் சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கப்பித்தான் கெலிங் மசூதி இங்கிருந்து நடக்கும் தூரம்தான். தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் என்ற வணிகர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. சூலியா வீதியில் நாகூர் ஆண்டவர் பெயரிலேயே ஒரு சிறிய தர்காவும் இருக்கிறது. சோழமண்டலக் கரையும் இந்த ஊரும் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதை இந்தச் சில தெருக்களே சொல்லிவிடும். மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. என் கணவர் நாசி கண்டார் (சோறும் பலவகைக் கறிகளும்) விற்கும் கடை ஒன்றில் வரிசையில் நின்று சாப்பிட்டார். நாங்கள் மூவரும் சைவ உணவகத்தில் இலைச் சாப்பாடு. பினாங்கு மலைக்கு இழுவை ரயிலில் போகலாமா என்று பேசினோம். சாலை நெரிசலும் ரயிலுக்கான வரிசையும் கணிக்க முடியாதவை என்பதால் விட்டுவிட்டோம். கரையில் ஒரே மாலைப்பொழுதுதான் இருக்கிறது என்றால், துறையிலிருந்து நடந்து திரும்பக்கூடிய தூரத்துக்குள் பார்ப்பதே மன நிம்மதி. எல்லோரும் ஏறிவிட வேண்டிய நேரத்துக்கு ஒரு மணிநேரம் முன்பே கப்பலுக்கு வந்துவிட்டோம்.

புதன்கிழமை, புக்கெட்

கப்பல் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரமிட்டு நின்றது. இங்கே கரையணையும் வசதி இல்லாததால் சிறு படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுசெல்கிறார்கள். முன்பதிவு செய்யும்போதே பயணிகள் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது. படகு அலையில் ஏறி இறங்கும். கப்பலின் வாயிலிலிருந்து ஓர் எட்டு எடுத்து வைத்து அதற்குள் இறங்க வேண்டும். இரண்டு ஊழியர்கள் கைகளைப் பிடித்துக்கொண்டாலும், முழங்காலில் வலுவில்லாதவர்களுக்கு அது கடினம். சக்கர நாற்காலியில் இருப்பவர்களை ஏற்றுவது கடலின் நிலையைப் பொறுத்தது. இதைத் தெரிந்தே வந்திருந்ததால், அப்பாவும் அம்மாவும் இன்று கப்பலில் தங்குவது என்று முன்பே முடிவாகியிருந்தது. அவர்களுக்கும் அது நல்ல நாளாகவே அமைந்தது. பெரும்பாலான பயணிகள் கரைக்குப் போய்விட்டதால் பஃபேயில் சன்னலோர மேசை கிடைத்திருக்கிறது. வழக்கமாக வரிசை நீளும் நார்த் ஸ்டார் என்ற கண்ணாடிக் கூண்டில் மேலே போகிறவர்களைப் பார்த்தபடி, நீச்சல்குளத்தின் ஓரத்தில் நிழலில் படுத்திருந்தார்களாம். முதியவர்களோடு வருபவர்கள் எல்லாத் துறைமுகங்களும் கரையணையும் துறைமுகங்களாக உள்ள பயணத்தைத் தேடலாம். அல்லது ஒரு நாளைக் கப்பலுக்கே ஒதுக்கிவிடலாம்.

இன்னொன்று நேரம். தாய்லாந்தின் நேரம் சிங்கப்பூர், மலேசியா நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது. கைபேசி கரையிலுள்ள கோபுரத்தோடு இணைந்தவுடன் தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும். ஆனால் கடைசிப் படகு கப்பலின் நேரப்படி கிளம்பும். பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்திலேயே வைத்து என் கணவர் கட்டிக்கொண்டார். கரையில் இருந்தவரை அதை மட்டும்தான் பார்த்தோம்.

பாத்தோங்கில் டுக்டுக் என்ற வாடகை வண்டிகள் பக்கத்துத் தெருவுக்கே அதிக வாடகை கேட்கின்றன. கடற்கரை படகுத்துறையின் அருகிலேயே இருப்பதால் வண்டியே தேவைப்படவில்லை. நீந்தினோம், இளநீர் குடித்தோம், மாம்பழமும் ஒட்டரிசியும் சாப்பிட்டோம். கடற்கரைச் சாலையில் ஆழிப்பேரலை வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்டும் நீலப் பலகைகள் நிற்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று நாகையிலும் கடலூரிலும் நாம் பார்த்த அழிவை அதே காலையில் இந்தக் கரையும் பார்த்தது. அந்தப் பலகையின் முன் சற்று நின்றோம்.

கரையில் இணையம் கிடைத்தபோது சிங்கப்பூரின் வருகை அட்டையை நால்வருக்கும் மறுபடி நிரப்பினோம். கப்பலில் திரும்பி வருவதும் புதிய நுழைவுதான். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம் என்பதால், வெள்ளிக்கிழமைக்கு இன்றே முதல் வாய்ப்பு. நடுக்கடலில் இதற்காக இணையத் தொகுப்பு வாங்கும் செலவு இப்படித் தவிர்ந்தது.

வியாழக்கிழமை, கடலில்

நாள் முழுவதும் தெற்கு நோக்கிய ஓட்டம். கடல் குளத்து நீரைப் போல அடங்கியிருந்தது. அவோமின் தேவைப்படவே இல்லை. உலகின் மிக நெரிசலான கடல்வழிகளில் மலாக்கா நீரிணையும் ஒன்று. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு இதைவிட வேறு பொழுதுபோக்கு வேண்டியிருக்கவில்லை. தளத்தின் இடப்பக்கக் கைப்பிடியோரம் நின்று, எதிரே வந்த சரக்குக் கப்பல் எண்ணெய் ஏற்றியதா, கொள்கலன் ஏற்றியதா, நீர்மட்டக் கோடு எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது, பாரம் முழுதாக இருக்கிறதா என்று என் கணவருக்கு ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தார்.

கடலில் கழியும் நாளன்றுதான் பணம் கரையும். ஸ்பாவில் தள்ளுபடி, கைக்கடிகார விற்பனை, நிழற்படக் கூடத்தில் மாட்டிவைத்த நம் படங்கள், சூதாட்ட அரங்கம் என்று கையை நீட்டினால் டாலர் செலவாகிவிடும். கட்டணமில்லாதவற்றைப் பட்டியலிட்டு நாளை நிரப்பினோம்: காலையில் நடைப்பயிற்சி, வினாடிவினா, நூலகம், மாலையில் அரங்கில் இசை நிகழ்ச்சி. அரங்க நிகழ்ச்சிக்குச் செயலியில் முதல் நாளே இடம் பதிந்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் போனால் ஓரத்து இருக்கைதான் கிடைக்கும். சிகிச்சைக் கூடத்தில் சாதாரண ஆலோசனைக்கே கட்டணம் அதிகம். ஆகையால் கப்பல் பயணத்தையும், அவசரமாகக் கரைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் உள்ளடக்கிய காப்பீட்டை எடுக்காமல் வரக் கூடாது.

மாலையில் அறைத் தொலைக்காட்சியில் கணக்கைப் பார்த்தோம். அம்மாவுக்கு வாங்கிய இரண்டு இளஞ்சூட்டு இஞ்சிப் பானங்களும், அதன் மேலான சேவைக் கட்டணமும் மட்டுமே இருந்தன. கணக்கை இன்றே பார்ப்பது நல்லது. நாளைக் காலை விருந்தினர் சேவை மேசையின் முன் வரிசை நீண்டுவிடும். உணவுக்கூடத்துக் கோவா இளைஞருக்கு, கட்டியிருந்த டிப்ஸுக்கு மேல், அப்பா தன் கையால் கொஞ்சம் கொடுத்தார். இரவு பதினொரு மணிக்குள் சீட்டுக் கட்டிய பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிட வேண்டும். நாளைக்கு உடுத்த வேண்டிய துணியையும் செருப்பையும் வெளியே எடுத்துவைத்த பிறகே பெட்டிகளைப் பூட்டினேன்.

வெள்ளிக்கிழமை, சிங்கப்பூர்

விடியும்போது மரினா பே தெரிந்தது. தங்கள் பெட்டிகளைத் தாங்களே இழுத்துச் செல்பவர்களை முதலில் இறக்குகிறார்கள். மற்றவர்கள் பெட்டிச் சீட்டின் எண் அழைக்கப்படும்வரை காத்திருக்கலாம். எங்கள் விமானம் இரவில்தான் என்பதால் அவசரமின்றிக் காலை உணவை முடித்துவிட்டு இறங்கினோம். காலை பத்து, பதினொரு மணி விமானத்தை எடுத்தவர்கள் குடியேற்ற வரிசையில் பதற்றத்தோடு நின்றார்கள். இறங்கும் நாளன்று பிற்பகலுக்கு முன்னால் விமானம் எடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. சாங்கி விமான நிலையத்தின் பாதுகாப்பறையில் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு, ஜுவெல் வளாகத்து அருவியைப் பார்த்தபடி பகலைக் கழித்தோம்.

சென்னையில் எழுதிய தாளையும் இப்போதைய கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். மொத்தச் செலவில் பெரும்பகுதி கப்பலேறும் முன்பே கட்டப்பட்டுவிட்டது. அதற்குப் பின் செலவானது பினாங்குச் சாப்பாடு, கிராப், புக்கெட் இளநீர், டாக்சி, அம்மாவின் இஞ்சிப் பானம் ஆகியவை மட்டுமே.

விமான நிலையத்திலிருந்து தங்கையோடு பேசினேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மே மாத விடுமுறையில்தான் வர முடியும். பெரும்பாலான கப்பல்களில் ஒரே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்பதால், இரண்டு அறைகளுக்குப் பதிலாக நான்கு படுக்கை உள்ள ஓர் அறையைத் தேடச் சொன்னேன். மே மாதத்தில் புக்கெட் கரையில் அலை இருக்கும்; ஆகையால் பினாங்கும் மலேசியாவின் இன்னொரு துறைமுகமான போர்ட் கிளாங்கும் மட்டுமே உள்ள மூன்று இரவுப் பயணத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளின் பாஸ்போர்ட் அக்டோபரில் முடிகிறதாம். முன்பதிவுக்கு முன் அதைப் புதுப்பிக்க விண்ணப்பிப்பதுதான் அவளுடைய முதல் வேலை.